என் போனுக்கு வந்த அழைப்பு

என் மகளுக்குக் கிடைத்த வேலையை, அவளுக்குத் தெரியாமல், வேண்டாம் என்று சொன்னவன் நான். இதை முதலிலேயே எழுதிவிடுகிறேன். கடைசியில் சொல்லலாம் என்று வைத்துக்கொண்டால் அதற்குள் எனக்குச் சாதகமாக நாலைந்து வரிகள் நுழைந்துவிடும். எழுபதைத் தாண்டிய பிறகும் அந்தப் பழக்கம் என்னைவிட்டு முழுதாகப் போகவில்லை.

அப்போது நான் கடலூரில் ஓர் அரசு மேல்நிலைப் பள்ளியில் பொருளாதாரம் நடத்திக்கொண்டிருந்தேன். வீடு சிதம்பரத்தில், அண்ணாமலை நகருக்குப் போகிற வழியில். காலையில் ஒரு பஸ், மாலையில் ஒரு பஸ். எங்களுக்கு ஒரே மகள். அவள் மெக்கானிக்கல் இன்ஜினியரிங் எடுத்தபோது, "பொண்ணு கையில எதுக்கு சார் ஸ்பேனர்?" என்று ஆசிரியர் அறையில் ஒருவர் கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்து வைத்தேன். அவள் கடைசி வருடம் படிக்கும்போது சென்னையிலிருந்து ஒரு சாஃப்ட்வேர் கம்பெனி கல்லூரிக்கே வந்து அவளைத் தேர்ந்தெடுத்தது. மறுநாள் ஆசிரியர் அறையில் ஒவ்வொரு மேசைக்கும் நானே போய் லட்டு வைத்தேன். ஸ்பேனர் என்று கேட்டவர் மேசையில் இரண்டு வைத்தேன்.

அவள் படிப்பை முடித்தது இரண்டாயிரத்து எட்டில். ஜூலையில் சேரலாம் என்றார்கள். பிறகு அக்டோபர் என்று மெயில் வந்தது. அதற்குப் பிறகு மாதத்தின் பெயர் வரவில்லை, பின்னர் தெரிவிப்போம் என்று மட்டும் வந்தது. ரிசெஷன் என்ற வார்த்தையைப் பஸ் கண்டக்டர்கூடச் சொல்லத் தொடங்கியிருந்த காலம். சென்னையில் வேலை பார்த்த பிள்ளைகள் பெட்டியோடு ஊர் திரும்பிக்கொண்டிருந்தார்கள். பன்னிரண்டாம் வகுப்பில் நான் வேலையின்மையின் வகைகளைக் கரும்பலகையில் எழுதிக்கொண்டிருந்தபோது ஒரு மாணவி எழுந்து, "சார், வேலைக்கு ஆர்டர் குடுத்துட்டு கூப்பிடாமயே இருந்தா அது எந்த வகையில வரும் சார்?" என்று கேட்டாள். என் வீட்டு விஷயம் அவளுக்குத் தெரியுமா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. பாடத்தைக் கவனி என்று அதட்டி உட்கார வைத்தேன்.

"பொண்ணு சேந்துட்டாளா சார்?" என்று கேட்பவர்களிடம், "அடுத்த மாசம்" என்று சொல்லிக்கொண்டே இருந்தேன்.

மகள் சும்மா இருக்கவில்லை. கடலூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு மாடியில், இயந்திர பாகங்களைக் கம்ப்யூட்டரில் வரையும் படிப்பில் சேர்ந்தாள். முன்பு கல்லூரிக்குப் போனதைவிட உற்சாகமாக அங்கே போய்வந்தாள்.

அந்தச் சமயத்தில்தான் கிள்ளையிலிருந்து என் மனைவியின் தம்பி ஒரு ஞாயிற்றுக்கிழமை இறால் பையோடு வந்து இறங்கினான்.

"மாமா, கீரப்பாளையத்துல ஒரு எடம் வந்திருக்கு. நெலம் நீச்சு உள்ள குடும்பம். பையன் மெட்ராஸ்ல சாஃப்ட்வேரு. அவுங்க கேக்குறது ஒண்ணே ஒண்ணுதான். பொண்ணும் மெட்ராஸ்ல அதே மாதிரி வேலையில இருக்கணுமாம்."

"இவதான் இன்னும் சேரலியேடா."

"சேரப் போவுதுன்னு சொல்லிட்டேன். என்னா மாமா நீங்க, ஊரு புள்ளைங்களுக்கெல்லாம் பாடம் நடத்துறீங்க, இத சமாளிக்கத் தெரியாதா?"

என் மனைவி சமையலறையிலிருந்து, "மொதல்ல அந்த எறால ஆய்ஞ்சு குடுத்துட்டு அப்புறம் கல்யாணம் பேசுடா" என்று கத்தினாள். அவன் சிரித்துக்கொண்டே எழுந்து போனான். நான் மட்டும் அந்த ஒரே நிபந்தனையை விடாமல் பிடித்துக்கொண்டேன்.

அடுத்த வருடத் தொடக்கத்தில் செய்தித்தாளில் ஒரு விளம்பரம் வந்தது. கடலூர் முதுநகருக்குச் சற்று முன்னால், மெயின் ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி இருந்த ஒரு பம்பு கம்பெனியில் டிசைன் பிரிவுக்கு ஓர் ஆள் வேண்டும். மகள் விண்ணப்பம் எழுதினாள். போன் நம்பர் எழுத வேண்டிய இடம் வந்ததும் தலையைத் தூக்காமலே, "உங்க நம்பர்தானப்பா?" என்று கேட்டாள். நானும், "ஆமா" என்றேன்.

அவளிடம் போன் இருந்தது. ஆனால் வயதுப் பெண்ணின் நம்பர் முன்பின் தெரியாதவர்கள் கைக்குப் போகக் கூடாது என்பது எங்கள் வீட்டில் யாரும் வாய்விட்டுச் சொல்லாத சட்டம். கல்லூரி, பாங்கு, தேர்வு மையம், எதற்கும் என் நம்பர்தான். எங்கள் தெருவில் பெண் இருந்த எல்லா வீட்டிலும் அப்படித்தான். அதைப் பாதுகாப்பு என்று நினைத்திருந்தோம். அவளைக் கேட்காமல் அவள் வாழ்க்கைக்குள் யாரை விடுவது என்று தீர்மானிக்கும் கதவு அது என்று எனக்கு அப்போது தோன்றவில்லை.

நேர்காணலுக்கு நானும் கூடப் போனேன். வாட்ச்மேன் கொட்டகையில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். வெகுநேரம் கழித்துச் சிரித்துக்கொண்டே வெளியே வந்தாள். இரண்டு கையிலும் கிரீஸ். துப்பட்டா ஓரத்திலும் கொஞ்சம்.

"என்னாம்மா இது?"

"அப்பா, அந்த சாரு கேள்வியே கேக்கல. ஒரு தேஞ்சுபோன இம்பெல்லரக் கையில குடுத்து, இத அளந்து புதுசு பண்ற மாதிரி வரைஞ்சு குடும்மான்னுட்டாரு."

"இம்பெல்லர்னா?"

"பம்புக்குள்ள சுத்துமே, அந்தச் சக்கரம். தண்ணிய இழுத்து வெளிய தள்றது அதுதான். மத்தவங்கல்லாம் தேஞ்சத தேஞ்ச மாதிரியே அளந்து வரைஞ்சுட்டாங்க. நான், தேயறதுக்கு முன்னால எப்படி இருந்திருக்கும்னு யோசிச்சு வரைஞ்சேன். அவரு பாத்துட்டு, இத்தினி நாளா நீ எங்கம்மா இருந்தேன்னு கேட்டாரு."

பஸ்ஸில் ஒரு பழைய செய்தித்தாளில் கையைத் துடைத்துக்கொண்டே வந்தாள். புதுச்சத்திரம் தாண்டும்போது சொன்னாள்: "இந்த வேலை கெடச்சா நான் போயிடுவேன்பா. அப்புறம் மெட்ராஸ்காரங்க கூப்பிட்டாலும் போவல."

நான் ஜன்னலுக்கு வெளியே பார்த்தேன். பயம் அங்கேதான் பிடித்தது.

அடுத்த வாரம், மதிய இடைவேளையில், ஆசிரியர் அறையில் என் போன் அடித்தது. கடலூர் நம்பர். பேசியவர் அந்த டிசைன் மேனேஜர்தான். சோற்றுப் பாத்திரத்தை மூடிவிட்டு வராந்தாவுக்கு வந்தேன்.

"சார், உங்க பொண்ண செலக்ட் பண்ணியிருக்கோம். திங்கக்கெழம வந்து சேரணும். ஒரு வார்த்தை அவுங்ககிட்டயே பேசலாமா?"

"நான் ஸ்கூல்ல இருக்கேன் சார். அவ வீட்டுல இருக்கா. கேட்டுட்டுச் சொல்றேன்."

"சாயந்தரத்துக்குள்ள சொல்லிடுங்க. இப்ப இருக்குற நெலமையில இந்த ஒரு எடத்துக்குத்தான் அனுமதி குடுத்திருக்காங்க, அதையும் எப்ப வேணாம்பாங்கன்னு தெரியாது. இன்னொரு பையனயும் பாத்து வெச்சிருக்கோம். சம்பளம் பெருசா இருக்காது சார். ஆனா நிரந்தர வேலை."

வீட்டு நம்பரைக் கொடுத்திருக்கலாம். மகளின் நம்பரைக் கொடுத்திருக்கலாம். ஒரு நிமிடம்கூட ஆகியிருக்காது. நன்றி சார் என்று சொல்லி வைத்துவிட்டு உள்ளே வந்து மீதிச் சோற்றைச் சாப்பிட்டேன். பிறகு இரண்டு வகுப்புகள் எடுத்தேன். என்ன நடத்தினேன் என்று நினைவில்லை.

மாலை பஸ்ஸில் நிற்கத்தான் இடம் கிடைத்தது. முதுநகர் தாண்டி, தொழிற்சாலைகளின் நெடி மூக்கில் ஏறிய இடத்தில், அந்தக் கம்பெனிக்குத் திரும்பும் சாலை கடந்து போனது. மேல் கம்பியை ஒரு கையால் பிடித்துக்கொண்டு இன்னொரு கையால் போனைச் சட்டைப் பைக்குள் அழுத்திப் பிடித்திருந்தேன். அது மறுபடி அடித்துவிடுமோ என்று இருந்தது. கம்பெனிக்காரர்கள் நேரே வீட்டுக்கே போய்விடுவார்களோ என்றும் இருந்தது.

காரணங்கள் இருந்தன. சின்னக் கம்பெனி, இந்தக் காலத்தில் எத்தனை நாள் தாங்கும்? பட்டறையில் அத்தனை ஆண்களுக்கு நடுவில் ஒரு பெண். கீரப்பாளையத்து இடம் கைநழுவிப் போகும். சென்னையிலிருந்து நாளைக்கே மெயில் வந்தாலும் வரும். இவற்றையெல்லாம் பின்னால் எனக்கு நானே பலமுறை சொல்லிக்கொண்டேன். ஆனால் அன்று பஸ்ஸில் முதலில் வந்து நின்றது இரண்டு லட்டு தின்ற அந்த ஸ்பேனர்காரர் முகம்தான். "கடைசியில ஸ்பேனர்தானா சார்?" என்று அவர் கேட்பது காதில் விழுந்தது. அவர் கேட்கவேயில்லை. கேட்பார் என்று நானாக நினைத்துக்கொண்டேன். அதற்குப் பதில் சொல்ல என்னிடம் தைரியம் இல்லை.

சிதம்பரத்தில் இறங்கி, பஸ் ஸ்டாண்டுக்கு வெளியே சைக்கிள்கள் நிறுத்தியிருந்த இடத்தில் நின்று அந்த நம்பரைக் கூப்பிட்டேன்.

"சார், என் பொண்ணுக்கு மெட்ராஸ் கம்பெனியிலேந்து ஜாயினிங் தேதி வந்துருச்சு. அதான்..."

"அப்படியா!" என்றார். "சந்தோஷம் சார். நஷ்டம் எங்களுக்குத்தான். பொண்ணுக்கு நான் வாழ்த்து சொன்னேன்னு சொல்லுங்க" என்றார்.

அவர் வருத்தப்பட்டிருந்தால் பரவாயில்லை. வாழ்த்து சொன்னதுதான் தாங்கவில்லை. போனில் அந்த நம்பரை அழிக்க வேண்டும் என்று தோன்றியது. எந்தப் பட்டன் என்று தெரியாது. எதை எதையோ அமுக்கினேன். கடைசியில் வந்தது, போனது, தவறியது எல்லாம் சேர்ந்து மொத்தமாக அழிந்துபோயின. அதுவும் நல்லதுதான் என்று நடந்தேன்.

வாசலிலேயே நின்றிருந்தாள்.

"போன் வந்துச்சாப்பா?"

"எந்தப் போன்?"

"பம்பு கம்பெனிலேந்து."

"இல்லியே."

என் சட்டைப் பையிலிருந்து போனை எடுத்துப் பார்த்தாள். அவள் விரல்களுக்கு எல்லாப் பட்டனும் தெரியும்.

"என்னப்பா, லிஸ்ட்ல ஒண்ணுமே இல்ல? காலையில அம்மா பேசுனதுகூட இல்லியே."

"என்னத்தையோ அமுக்கிட்டேன் போலருக்கு."

"அப்ப அவுங்க பண்ணியிருந்தாலும் அழிஞ்சிருக்குமே."

"பண்ணியிருந்தா நான் எடுத்திருக்க மாட்டனா?"

அவள் ஒத்துக்கொண்டாள். என்னைச் சந்தேகப்பட அவளுக்குத் தெரியாது. அதற்கு அதுவரை தேவை இருந்ததில்லை.

அதன் பிறகு தினமும் மாலையில் நான் செருப்பைக் கழற்றுவதற்குள் என் பையிலிருந்து போன் அவள் கைக்குப் போய்விடும். திங்கட்கிழமையும் போனது. "நீங்க ஒரு வாட்டி பேசிப் பாக்கலாமில்லங்க?" என்று மனைவி கேட்டாள். நாமாகக் கேட்டால் மதிப்பு இருக்காது என்றேன். அவள் என்னைக் கொஞ்சநேரம் பார்த்துவிட்டுத் துணி மடிக்கப் போனாள்.

மகள் ஒரு நோட்டில் எதையோ வரைந்துகொண்டே இருந்தாள். ஒருநாள் எட்டிப் பார்த்தேன். அதே சக்கரம். பக்கத்துக்குப் பக்கம் அதே சக்கரம், கொஞ்சம் கொஞ்சம் மாற்றி.

"இன்னும் எதுக்கு இது?"

"எங்க தப்பு பண்ணேன்னு பாக்குறேன்பா. அவரு அவ்ளோ நல்லா பேசினாரே. அப்புறம் ஏன் எடுக்கல? நாளைக்கு நானே போய்க் கேட்டுட்டு வந்துடறேன்."

"வேணாம்."

"ஏன்?"

"எடுக்கலன்னா எடுக்கல. வாசல்ல போய் நிக்கிறது கேவலம்."

"வேலை கேட்டா போறேன்? தப்பு எங்கன்னு கேக்கப் போறேன். தெரிஞ்சா திருத்திக்குவேன்ல?"

அந்த இடத்தில் நான் சொல்லியிருக்க வேண்டும். சொல்ல வாய் வரை வந்தது என்று எழுதலாம், ஆனால் அது பொய். வரவில்லை. நாளைக்கு மழை வரும் என்றேன். மாசி மாதத்தில்.

மறுநாள் நான் வழக்கமான பஸ்ஸில் பள்ளிக்குப் போனேன். அவள் எந்த பஸ்ஸில் வந்தாள் என்று தெரியாது. ஒவ்வொரு வகுப்பிலும் போனை மேசைமேல் வைத்துக்கொண்டு பாடம் நடத்தினேன். அது அடிக்கவில்லை. ஒருவேளை அவள் போகவில்லையோ, மேனேஜர் ஊரில் இல்லையோ, வாட்ச்மேனே திருப்பி அனுப்பிவிட்டானோ என்று ஒவ்வொன்றாக நினைத்துத் தைரியம் தேடினேன். கடைசி மணி அடித்து வெளியே வந்தபோது கேட்டுக்கு எதிரே தூங்குமூஞ்சி மரத்தடியில் நின்றுகொண்டிருந்தாள்.

நான் அருகில் போகும்வரை அசையவில்லை.

"அப்பா, மெட்ராஸ் வேலை எப்படிம்மா இருக்குன்னு கேட்டாரு அந்த சாரு" என்றாள்.

பிள்ளைகள் எங்களைச் சுற்றிக்கொண்டு சைக்கிளில் போனார்கள். ஒரு மாணவன், "வணக்கம் சார்" என்றான். நான் வணக்கம் சொன்னேன். அவள் திரும்பி பஸ் ஸ்டாப்பை நோக்கி நடந்தாள். பஸ்ஸில் முன்பக்கம் பெண்கள் வரிசையில் உட்கார்ந்துகொண்டாள். பின்னாலிருந்து அவள் பின்னலைப் பார்த்துக்கொண்டே சிதம்பரம் வரை வந்தேன். ஒருமுறையும் திரும்பவில்லை.

வீட்டில் சமையலறையில் அவள் அம்மாவிடம் பேசியது கூடத்தில் எனக்குக் கேட்டது.

"அந்த எடத்துல வேற ஒரு பையன் சேந்துட்டான்மா. ஆனா அவுங்ககிட்ட காகிதத்துல வரைஞ்ச பழைய படம் நெறைய கெடக்குது. அதையெல்லாம் கம்ப்யூட்டர்ல ஏத்தணுமாம். காண்ட்ராக்ட்தான். வரியான்னு கேட்டாரு. உடனே சரின்னுட்டேன்."

"அப்பாவ ஒரு வார்த்தை கேக்க வேணாமாடி?"

"அப்பாவுக்குத் தெரியும்."

நான் கைக்கடிகாரத்தைக் கழற்றிக்கொண்டிருந்தேன். கழற்றி முடித்தும் அங்கேயே நின்றேன்.

"இந்த வாட்டி என் நம்பரையே குடுத்துட்டு வந்தேன்மா" என்றாள்.

அவள் அம்மாவிடம் என்னைக் காட்டிக்கொடுக்கவேயில்லை. வருடங்கள் கழித்து நானே மனைவியிடம் சொன்னபோது அவள் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். "லிஸ்டு காலியா இருந்துச்சே, அன்னிக்கே எனக்குத் தெரியும்" என்றாள். "அப்ப ஏன் கேக்கல?" என்றேன். "நீங்களா சொல்லுவீங்கன்னு பாத்தேன்" என்றாள்.

அவள் காண்ட்ராக்டில் சேர்ந்த அடுத்த மாதம் கீரப்பாளையத்துக்காரர்கள் வந்தார்கள். பையனின் அப்பாவும் அம்மாவும், கூட என் மச்சானும். மகள் காபி கொண்டுவந்து வைத்துவிட்டு, உள்ளே போகாமல் பையனின் அப்பாவைப் பார்த்து நின்றாள்.

"மாமா, ஒண்ணு சொல்லிடறேன். எனக்கு மெட்ராஸ்ல வேலை இல்ல. ஆர்டர் குடுத்தாங்க, ஆனா இன்னும் கூப்பிடல. கடலூர்ல ஒரு பம்பு கம்பெனியில படம் வரையிறேன். அதுவும் காண்ட்ராக்ட்தான்."

மச்சான் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"பம்பா?" என்று பையனின் அப்பா டம்ளரைக் கீழே வைத்தார். "அட! எங்க போர் மோட்டாரு வருசா வருசம் என் உசுர வாங்குதும்மா. மெக்கானிக்கு வந்தான்னா மோட்டார விட்டுட்டு என்னையத்தான் கழட்டுறான். இனிமே வூட்டுலயே ஆளு இருக்குன்னு அவன்கிட்ட சொல்லிடறேன்."

அவர் மனைவி, "ஒக்காந்த எடத்துலேயே மோட்டாரா?" என்று அவரை இடித்தார். எல்லோரும் சிரித்தார்கள். நான்தான், "பொண்ணு மெட்ராஸ்லதான் இருக்கணும்னு கேட்டீங்கன்னு..." என்று இழுத்தேன்.

"நானா? யாரு சார் சொன்னது? எங்க பையனே வேலை இருக்குமா போவுமான்னு பயந்துகிட்டு கெடக்கான். பொண்ணாவது உள்ளூருல ஒரு வேலையில இருந்தா நல்லதுன்னுதான் நாங்க வூட்டுல பேசிக்கிட்டோம்."

மச்சான், "இல்ல மாமா, நான் ஒரு பேச்சுக்கு..." என்றான். அவனைக் கோபித்துக்கொள்ள எனக்கு என்ன யோக்கியதை இருந்தது? அவன் ஒரு பேச்சுக்குச் சொன்னான், நான் அதைக் காரணமாக வைத்துக்கொண்டேன்.

மகள் அன்றைக்கே இன்னொன்றும் சொன்னாள். ஒரு வருடம் வேலை பார்த்த பிறகுதான் கல்யாணம். அவர்கள் நல்லவர்கள்தான், ஆனால் காத்திருக்க முடியாது என்றார்கள். பையனுக்கு அந்த ஆனியிலேயே வேறு இடத்தில் பேசி, ஆவணியில் முடித்துவிட்டார்கள். சென்னைக் கம்பெனியிலிருந்து கடைசியில், எடுப்பதற்கில்லை என்று ஒரு மெயில் வந்தது. அவள் அதை என்னிடம் காட்டக்கூட இல்லை. மனைவி சொல்லித் தெரிந்துகொண்டேன்.

நான் ஓய்வு பெறும்வரை இருவரும் ஒரே பஸ்ஸில் போனோம். அவள் முன்னால், நான் பின்னால். கம்பெனி ஸ்டாப்பில் அவள் இறங்குவாள். ஜன்னல் வழியே பார்ப்பேன். என்னோடு பேசாமல் இருந்தாள் என்று சொல்ல முடியாது. சாப்பிட்டீங்களா, மாத்திரை போட்டீங்களா எல்லாம் கேட்பாள். முன்பு பஸ் ஏறியதிலிருந்து இறங்கும்வரை படிப்பைப் பற்றி, படத்தைப் பற்றி, சக்கரத்தைப் பற்றிப் பேசியவள் அந்தப் பேச்சை மட்டும் எடுக்கவேயில்லை. அவள் அங்கே என்ன வரைகிறாள் என்பது எனக்குத் தெரியாமலே போயிற்று.

அவளுக்குப் பதிலாகச் சேர்ந்த பையன் பக்கத்து மேசையில் உட்கார்ந்தான். நிரந்தர ஊழியன். சந்தேகம் வந்தால் இவளைத்தான் கேட்பானாம். இரண்டாயிரத்துப் பன்னிரண்டில் மின்வெட்டு தாங்க முடியாமல் போனது. பகலில் பாதிநேரம் கரண்ட் இல்லை. பட்டறைகள் ஒவ்வொன்றாக ஆள் குறைத்தன. அந்தக் கம்பெனியும் குறைத்தது. முதலில் காண்ட்ராக்ட் ஆட்கள். அந்த மேனேஜரே அழைத்துச் சொல்லியிருக்கிறார். சொல்லும்போது அவர் கண் கலங்கியதாக அவள் அம்மாவிடம் சொன்னாள்.

"அந்தப் பையன் இருக்கானா?" என்று மனைவி கேட்டாள்.

"இருக்கான். அவன் பர்மனென்ட் இல்ல? நல்லாத்தான்மா வேலை செய்யிறான், பாவம்."

கூடத்தில் நான் உட்கார்ந்திருந்தேன். பர்மனென்ட் என்ற அந்த வார்த்தை என்னை நோக்கிச் சொன்னதல்ல. ஆனாலும் வந்து சேர்ந்தது. மூன்று வருடத்துக்கு முன் சைக்கிள்களுக்கு நடுவில் நின்று நான் சொன்ன பொய்யின் விலை அன்றுதான் முழுதாகத் தெரிந்தது. அந்த நாற்காலி அவளுடையது. நிரந்தரம் என்று அவர் என்னிடம்தான் சொன்னார்.

அதற்குப் பிறகு கோயம்புத்தூரில் ஒரு பெரிய பம்பு கம்பெனிக்கு விண்ணப்பம் போட்டாள். நேர்காணலுக்கு அம்மாவை அழைத்துக்கொண்டு போனாள். நான் கூட வரட்டுமா என்று கேட்கவில்லை. திரும்பி வந்த பிறகு இருவரும் அதைப் பற்றி என் முன்னால் பேசவில்லை. ஆனால் அவள் போனைக் கையை விட்டு வைக்காமல் இருந்ததில் எனக்குத் தெரிந்தது, காத்திருக்கிறாள் என்று.

ஒருநாள் முற்பகல். காலையிலிருந்து இல்லாத கரண்ட் அப்போதுதான் வந்திருந்தது. மனைவி கடைக்குப் போயிருந்தாள். மகள் போனைக் கூடத்துச் சுவரில் சார்ஜில் போட்டுவிட்டுத் துணி காயப்போட மாடிக்குப் போனாள். முந்தின நாள் மோட்டார் போட முடியாமல் சேர்ந்துபோன துணி, வாளி வாளியாக இருந்தது. என் நாற்காலி அந்தச் சுவருக்குப் பக்கத்தில்.

போன் அடித்தது.

எட்டிப் பார்த்தேன். 0422 என்று தொடங்கியது. கோயம்புத்தூர்.

கை தானாக நீண்டது. எடுத்து, "ஒரு நிமிஷம் இருங்க, கூப்பிடறேன்" என்று சொல்வதுதான் யாரும் செய்யக்கூடியது. யாருக்கும் அதில் தப்பு தோன்றாது. ஆனால் அவள் வேலைக்கான அழைப்பில் என் குரல் மறுபடி ஒருமுறை கேட்பதை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. வயரைப் பிடுங்கிவிட்டு, அடித்துக்கொண்டிருந்த போனை இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு படியேறினேன். முட்டி வலி அப்போதே உண்டு. பாதிப் படியில் பட்டனில் விரல் பட்டுவிடுமோ என்று நின்றேன். பட்டால் கட் ஆகிவிடும், அல்லது எடுத்ததாக ஆகிவிடும். இரண்டுமே என்னால் தாங்க முடியாது. ஓரங்களில் மட்டும் பிடித்துக்கொண்டு மறுபடி ஏறினேன். மாடிக் கதவைத் தோளால் தள்ளியபோது ஒலி நின்றுவிட்டது.

அவள் ஒரு போர்வையைக் கொடியில் விரித்துக்கொண்டிருந்தாள்.

"உனக்குத்தாம்மா. கோயம்புத்தூரு."

ஈரக் கையைத் துப்பட்டாவில் துடைத்துக்கொண்டு வாங்கினாள். உடனே கூப்பிடவில்லை. என்னைப் பார்த்தாள்.

"எடுத்தீங்களா?"

"இல்லம்மா."

அவள் தலையைக் குனிந்து போனைப் பார்த்தாள். அருகில் நின்ற எனக்கும் திரை தெரிந்தது. மிஸ்டு கால் என்றுதான் காட்டியது. ஆனாலும் அவள் பட்டனை அமுக்கி, எடுத்த அழைப்புகளின் வரிசைக்குப் போய் அங்கேயும் ஒருமுறை பார்த்தாள். அங்கே முந்தின நாள் அம்மா பேசியதுதான் மேலே இருந்தது. என் கண் முன்னால்தான் பார்த்தாள். மறைக்கவில்லை. அதில் தப்பு ஒன்றும் இல்லை. அந்தப் பாடத்தை அவளுக்குச் சொல்லிக்கொடுத்தவன் நான்.

பிறகு போர்வைக்கு அந்தப் பக்கம் போய் அந்த நம்பரைக் கூப்பிட்டாள். நான் கதவைச் சாத்திவிட்டுப் படியில் உட்கார்ந்தேன். மூச்சு வாங்கியது. கதவுக்குப் பின்னால் வார்த்தைகள் தெளிவாகக் கேட்கவில்லை. "ஆமா சார்... அப்படியா சார்..." என்று வந்தது. நடுவில் அவள் சிரித்தாள், கிரீஸ் கையோடு வாட்ச்மேன் கொட்டகைக்கு வந்தபோது சிரித்த அதே சிரிப்பு. கடைசியில் ஒன்று மட்டும் சத்தமாகவே கேட்டது.

"இல்ல சார், யாரயும் கேக்க வேண்டியதில்ல. நான் வரேன்."

கதவைத் திறந்துகொண்டு வந்தாள். நான் எழுந்து சுவரோரம் ஒதுங்கி வழி விட்டேன். என்னைத் தாண்டி நாலைந்து படி இறங்கியவள் நின்றாள். திரும்பவில்லை.

"மெதுவா எறங்குங்க. படியெல்லாம் ஈரமா இருக்கு" என்றாள்.

கீழே வாசல் கேட் திறக்கும் சத்தம் கேட்டது. மனைவி கடையிலிருந்து வந்துவிட்டாள். "அம்மா!" என்று கூப்பிட்டுக்கொண்டே மகள் மீதிப் படிகளில் ஓடினாள். கழுத்தில் தொங்கிய துப்பட்டாவை அவள் ஒரு கையால் பிடித்துக்கொண்டு ஓடியதுவரை பார்த்தேன். சொல்ல வேண்டியதை அம்மாவிடம்தான் முதலில் சொன்னாள். நான் ஈரத்தைப் பார்த்து, ஒவ்வொரு படியாக, சுவரைப் பிடித்துக்கொண்டு இறங்கினேன்.